பொம்மை வண்டியும் பொய் சொல்லலாமா?

ஏற்காட்டுக்கு ரயில் ஏறியதில்லை. ஆனால் சேர்வராயன் மலையடியில், சேலத்தை ஒட்டி, வெள்ளைக்கல்லின் பெயராலேயே 'மேக்னசைட் ஜங்ஷன்' இருக்கிறது. அங்கே கண்ட பழைய கூட்ஸ் வண்டிகளைச் சிறு உருவில் செய்யும் அன்பர்களே, ஒரு வார்த்தை!

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87-ல் ஒரு பங்கு அளவில் அது மேல்நாட்டுப் பாதைக்கே பொருந்தும். நம் அகலப் பாதைக்கு 19.3 வேண்டும், மீட்டர் பாதைக்கு 11.5 போதும்.

"இம்மி வித்தியாசம்தானே!" என்கிறீர்களா? சேலத்தில் இரு பாதைகளும் இருந்த காலத்தில், ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. இறக்கி ஏற்றி முதுகொடிந்தவர்கள் தொழிலாளர்கள். அந்த அகலத்தை மறைத்தால் அவர்கள் வியர்வையையே மறைக்கிறோம். மிஞ்சிய வண்டிகள் பழைய இரும்புக்குப் போகுமுன், அளந்து குறித்து வையுங்கள்!