தாழ்வு மனப்பான்மை

செகண்ட்ஹேண்டில் 2014 மாடல் ஹோண்டா சிட்டி வாங்கிய அண்ணன் மகன், "காரைத் தாழ்த்தணும் சித்தப்பா. காசு கம்மி. ஸ்பிரிங்கை வெட்டிடலாமா?" என்றான்.

"வெட்டினா, பள்ளத்துல உன் முதுகெலும்புதான்டா ஷாக் அப்சார்பர்! காயில்ஓவர் போடு. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியா வரும். மரையைத் திருகி உயரத்தை மாத்தலாம். அது மட்டும் மாறுற சாதா செட் போதும். ஷாக் போனா தனியா கிடைக்குமான்னு கேட்டுக்கோ."

"எவ்வளவு இறக்கலாம்?"

கணக்குப் போட்டோம். காருக்கும் தரைக்கும் 165 மில்லிமீட்டர். 50 இறக்கினால் 115. விதிப்படி வேகத்தடை 100. மிச்சம் 15. எங்கள் தெரு வேகத்தடை அந்த விதியைப் படித்ததில்லை!

"அப்ப 25 போதும்."

"ஆஸ்பத்திரிக்குப் பாட்டி போறதும் இதிலதானே? முதல்ல அவங்களைக் குட்டி ஸ்டூல்ல உட்காரவெச்சு எழுந்திருக்கச் சொல்லு. முட்டியைப் பிடிக்காம எழுந்தா, இறக்கு!"