பைண்டுக்குள் பாதிச் சிரிப்பு

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போடும் காலம் நெருங்கினால், சினிமா வந்து வேஷத்தைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலும் கூடவே வந்துவிடுகிறது. தசரா மேடைகளில் ஆபாச நடனம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விதித்த கட்டுப்பாட்டில் இப்பத்திக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைச் சாக்காக வைத்து, காளி வேஷம் ஒன்றே வேஷம், மற்றவை யாவும் சினிமாவைப் பார்த்து அடிக்கும் கேலிக்கூத்து என்று தீர்ப்புச் சொல்வோரின் பேச்சுதான் இவ்வாரத்து எரிச்சல். காளி வேஷத்துக்குரிய விரதம் மிகக் கடுமையானது என்பது உண்மையே. ஆயினும் குறத்தி, கரடி, குரங்கு, ராஜா, போலீஸ் என எந்த வேஷம் போட்டாலும், ஊர் ஊராகப் போய்க் காணிக்கை பெற்று, கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கும் விஜயதசமி நாளில் கோயிலுக்கு வந்து அதை உண்டியலில் சேர்ப்பதே நேர்த்திக்கடன். தொப்பியும் லத்தியுமாக உடன்குடிக் கடைத்தெருவில் கைநீட்டி நிற்கும் போலீஸ் வேஷக்காரரின் நடையில், உள்ளூர்க் காவல் நிலையத்தைவிட ‘தங்கப்பதக்கம்’ (1974) படத்து எஸ்.பி. சௌத்ரியே அதிகம் தெரிகிறார் என்றால், அது சிவாஜியின் மேலுள்ள பிரியம், கேலி அன்று.

கேலியில் வல்லவர்களின் வேலை வேறு விதமானது. பகடி என்பது ஒரு மூலத்தின் வடிவம், நடை, பேச்சு ஆகியவற்றை வழுவாமல் வைத்துக்கொண்டு, பொருளை மட்டும் புரட்டிப்போடும் கலையாகும்; மூலத்தை மனப்பாடமாக அறியாதவர் அதில் இறங்க முடியாது. 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், ‘சந்திரஹரி’ என்ற நாடகத்தில் இதைச் செய்து காட்டினார். பொய்யே சொல்லாத அரிச்சந்திரனின் இடத்தில், உண்மையே சொல்லாத ஓர் அரசனை அவர் உட்கார வைத்தார். அரிச்சந்திரன் கதையை இரவிரவாகக் கூத்திலும் நாடகத்திலும் பார்த்துக் கண்ணீர் விட்டிருந்த கூட்டத்துக்கு, அடுத்து வரப்போகும் ஒவ்வொரு சோதனையும் முன்பே தெரியும். எனவே மன்னன் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு தயாராக இருந்தது. அந்நாடகம் 1941இல் படமானபோது நடித்தவர் என்.எஸ். கிருஷ்ணன். அவரே ‘நல்லதம்பி’ (1949) படத்தில், நந்தனார் கதாகாலட்சேபத்தின் உருவில் ‘கிந்தனார்’ கதையை நடத்தினார். பாகவதர் பாணியும் பின்பாட்டும் மாறாமல் இருக்க, சிதம்பரத்துக்குப் போகத் தவித்த நந்தனுக்குப் பதிலாகப் படிப்பைத் தேடிப் பட்டணம் போகும் கிந்தன் வந்தான். நந்தனார் சரித்திரத்தை இதனினும் கூர்மையாக விமர்சித்த கட்டுரை எதுவும் தமிழில் இல்லை என்பதே இப்பத்தியின் துணிபு.

அமெரிக்காவில் இதே வேலையை அச்சில் செய்தது, 1952இல் ஹார்வி கர்ட்ஸ்மனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய ‘மேட்’ இதழ். ‘காட்ஃபாதர்’ அங்கே ‘ஆட்ஃபாதர்’ ஆயிற்று, ‘ஸ்டார் வார்ஸ்’ ‘ஸ்டார் ரோர்ஸ்’ ஆயிற்று. மார்ட் டிரக்கர் வரைந்த பக்கங்களில் நடிகரின் முகம் அச்சு அசலாக இருக்கும். பாத்திரங்களோ, தாம் எதற்காகக் கதைக்குள் வந்தோம் என்பதைத் தாமே வாசகருக்குச் சொல்லி, படத்தின் சூத்திரத்தைப் போட்டுடைக்கும். தமிழில் அந்த உத்தி, 2000களில் விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வில் முழு வடிவம் பெற்றது. இயக்குநர் ராம்பாலா மூலப்படத்தின் காட்சி வரிசையைக் குலைக்காமல் எடுக்க, சந்தானம் கதாநாயகனின் மிடுக்கோடு வர, சோகக் காட்சியிலும் உடம்பை ஆட்டி ஆட்டியே வசனம் பேசினார் மனோகர். அதன் தொடர்ச்சியாக சி.எஸ். அமுதன் 2010இல் இயக்கிய ‘தமிழ்ப்படம்’, ஆண் சிசுக்களைக் கொல்லும் சினிமாப்பட்டி என்ற ஊரில் தொடங்குகிறது.

நகைச்சுவைக்கென்றே பிறந்த தமிழ் வார இதழ்களுக்கும் சினிமாவுக்கும் இருந்த உறவு இதைவிடச் சிக்கலானது. ‘ஆனந்த விகடன்’ உரிமையாளர் எஸ்.எஸ். வாசனே ஜெமினி ஸ்டூடியோவின் அதிபர். ‘சந்திரலேகா’வை (1948) எடுத்தவர். அதற்கும் முன்பே, கல்கியின் ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களின் இடத்தில் திரைப்படத்தின் ஸ்டில்களே அச்சாயின. சோ 1970இல் தொடங்கிய ‘துக்ளக்’கில் திரைவிமர்சனம் எழுதிய மகேந்திரன்தான், மேலே சொன்ன எஸ்.பி. சௌத்ரியைப் படைத்தவர், சோவும் அப்படத்தில் நகைச்சுவை வேடம் ஏற்றார். கேலி செய்பவரும் கேலிக்கு ஆளாகிறவரும் ஒரே வீட்டில் குடியிருந்த நிலை இது.

அக்கேலி எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குச் சாட்சியான தாள்களைத்தான் தமிழர் எடைக்குப் போட்டுவிட்டனர். இப்பத்தியின் பழைய வாசகர்களுக்கு இம்மனக்குறை புதிதன்று. மறுபடியும் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தொடர்கதையை மட்டும் வாராவாரம் கிழித்தெடுத்து, காலிகோ ஒட்டிப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள், துணுக்குகளையும் கேலிச்சித்திரங்களையும் பட விமர்சனங்களையும் பழைய பேப்பர்க்காரருக்குக் கொடுத்தன. தப்பியவை, தொடர்கதைத் தாளின் பின்பக்கத்தில் தற்செயலாக இடம்பிடித்தவை மட்டுமே. கதாநாயகி மயங்கி விழும் பக்கத்தைத் திருப்பினால், ஒரு புதுப்படத்தைப் பற்றிய கேலி பாதியில் நிற்கும். மீதி அடுத்த தாளில் இருந்திருக்கும், அத்தாள் பைண்டுக்குள் வந்திருக்காது. பைண்டு செய்தவர் கத்தரியை ஓரமாக ஓட்டியிருந்தால், இருக்கும் பாதியிலும் வரிக்கு இரண்டு எழுத்து போயிருக்கும். நூல்களாகப் பின்னர் மறுபதிப்புக் கண்ட நாவல்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்க, மறுபதிப்பே காணாத நகைச்சுவை அழிந்தது விந்தையான சேமிப்பு முறை.

ஆகவே, பரணில் பழைய பைண்டு வைத்திருக்கும் வாசகர்கள், உள்ளே இருப்பது கடைகளில் கிடைக்கும் நாவல்தானே என்று அதைக் கழித்துவிட வேண்டாம். ஒவ்வொரு தாளையும் திருப்பிப் பார்த்து, கிழியாத முழு இதழ் ஒன்றிரண்டு அகப்பட்டால் அவற்றையும் சேர்த்து, சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குத் தெரிவிக்கவும்.