பெயரைக் கேட்ட குரல்

நம் மொழியில் பின்னணிப் பாடகி என்றால் நட்சத்திரம். அமெரிக்க இசையுலகில் முன்னணிப் பாடகருக்குப் பின்னால் நின்று துணைக் குரல் கொடுப்பவருக்கோ முகமும் இல்லை, பல வேளைகளில் பெயரும் இல்லை.

1962 நவம்பரில் ‘ஹீ இஸ் எ ரெபல்’ என்ற பாடல் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. இசைத்தட்டில் இருந்த பெயர் ‘த கிறிஸ்டல்ஸ்’. பாடியவர்களோ அவர்கள் அல்லர். லொஸ் ஏஞ்சலிஸில் துணைக் குரல் பாடிவந்த ‘த புளொஸம்ஸ்’ குழுவின் டார்லின் லவ்தான் அதன் முதன்மைக் குரல். தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர் ஒருவர் குரலை மற்றவர் பெயரில் விற்றார். தாம் பாடாத பாட்டை மேடைதோறும் பாடவேண்டிய சங்கடம் கிறிஸ்டல்ஸ் பெண்களுக்கு.

அடுத்த ஆண்டில் சில பாடல்கள் டார்லின் லவ் என்ற பெயரிலேயே வெளிவந்தன. ஆயினும் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அவர் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்தார். அப்படி ஒரு வீட்டின் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, 1963இல் தாம் பாடிய கிறிஸ்மஸ் பாடல் வானொலியில் ஒலித்தது. மீண்டும் பாடுவதென்று அன்று முடிவு செய்ததாக அவரே கூறியிருக்கிறார்.

பின்னர் ஸ்பெக்டர்மீது வழக்குத் தொடுத்தார். 1997இல் ஏறத்தாழ 263,000 டொலர் உரிமைத்தொகை வழங்குமாறு தீர்ப்பாயிற்று. 2011இல் ரொக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2015இல், எழுபத்து நான்காம் வயதில், ‘இன்ட்ரடியூசிங் டார்லின் லவ்’ என்ற இசைத்தொகுப்பு வந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடியவரை ‘அறிமுகம்’ செய்யும் தலைப்பு அது!

கூலி கொடுத்தாயிற்று, அக்கால வழக்கமும் அதுவே என்று வாதிடுவோர் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்திரிகை அலுவலகங்களிலும் இந்த வாதத்தை நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் இரவு முழுவதும் விழித்து எழுதியது காலையில் வேறொருவர் பெயரில் அச்சாகும். சம்பளம் குறையாது. ஆனால் அடுத்த வாய்ப்பு அச்சான பெயரைத் தேடியே போகும். டார்லின் லவ்வுக்கு நேர்ந்ததும் இதுதான். பாடல் ஊரெங்கும் ஒலித்தது. பாடியவர் யாரென்று ஊருக்குத் தெரியவில்லை.

உழைப்புக்குக் கூலி கொடுத்துவிட்டால் பெயரையும் வாங்கிவிட்டோம் என்று பொருளல்ல. அதை நிலைநாட்ட ஒரு பெண்ணுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.