"ஏதோ நம்மால முடிஞ்சது"

இதைப் படிச்சிட்டு நம்ம செட்டுலயே நாலு பேராவது என்னைத் திட்டுவாங்க. பரவாயில்லை. ரொம்ப நாளா மனசை அரிச்சிட்டு இருக்கிற விஷயம், இன்னிக்குக் கொட்டிடறேன்.

புயல், வெள்ளம்னு வந்துட்டா நம்ம ஆளுங்க கிட்ட ஒரு வசனம் ரெடியா இருக்கும். "ஏதோ நம்மால முடிஞ்சது". கேட்க அடக்கமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா மருந்து மாத்திரை விஷயத்துல இதைவிட ஆபத்தான வசனம் கிடையாதுன்னு நான் சொல்றேன். ஏன்னா, இதைச் சொன்ன கூட்டத்துல நானும் ஒருத்தன்.

ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. கடல் எங்கயோ இருக்கு, நமக்கென்னன்னு தர்மபுரிக்காரங்க நிம்மதியா இருந்தோம். டிசம்பர் 2 காலையில கணக்கு பார்த்தா, 24 மணி நேரத்துல ஊத்தங்கரையில 50 செ.மீ., நம்ம அரூர்ல 33 செ.மீ. மழை! வருஷம் பூரா குடிதண்ணிக்கு ஒகேனக்கல்லைப் பார்த்துட்டு இருக்கிற மாவட்டம் இது. ஊத்தங்கரையில வேன், கார் எல்லாத்தையும் தண்ணி அடிச்சிட்டுப் போன வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க.

அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க கிளம்பிட்டோம். ஒரு வேன், ஒரு டாக்டர், பதினஞ்சு பசங்க, ஒரு பெரிய பேனர், மூணு அட்டைப்பெட்டி மாத்திரை. எல்லாம் வீடு வீடா, ஹாஸ்டல் ரூம் ரூமா கேட்டு வாங்கினது. அரூர் பக்கம் ஒரு கிராமத்துல கேம்ப்.

பி.காம். படிக்கிறவனுக்கு அங்க என்ன வேலை? பேனர் கட்டினேன். டோக்கன் கொடுத்தேன். அப்புறம் "டேய், நீ அந்தப் பெட்டியைப் பிரிச்சு அடுக்கு"ன்னாங்க.

பிரிச்சேன். பாதி வெட்டின அட்டைகள். எக்ஸ்பைரி தேதி அச்சடிச்ச பாதி யார் வீட்டுலயோ இருக்கு. திறந்த கண் சொட்டு மருந்து. பாதி குடிச்ச இருமல் டானிக். தேதி முடிஞ்சது, பேரே அழிஞ்சது. தேறினது ஒரு பெட்டிதான். அதுலயும் பெரும்பாலும் சத்து மாத்திரை, காய்ச்சல் மாத்திரை. சுகருக்கு ஒண்ணு கூட இல்லை. பிரஷருக்கும் இல்லை.

மத்தியானம் ஒரு ஆயா வந்தாங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்து மாத்திரை, ஆஸ்பத்திரி நோட்டு எல்லாம் போச்சு. "வெள்ளையா, நீட்டமா இருக்கும் சாமி, சுகருக்கு. ஒரு வாரமா இல்ல." டாக்டர் பார்த்துட்டு, சுகர் மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகச் சொல்லி சீட்டுல எழுதி, கீழே ஒரு சத்து மாத்திரையும் எழுதினார். சீட்டு என் கைக்கு வந்துச்சு. நான் சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். "இது சுகர் மாத்திரைதானே சாமி?"ன்னு கேட்டாங்க. பின்னாடி நாற்பது பேர் நிக்கிறாங்க, சத்தம், அவசரம்.... "ஆமா ஆயா"ன்னுட்டேன்.

சாயங்காலம் வேன்ல எல்லாரும் போட்டோ பார்த்துச் சிரிச்சிட்டு வந்தாங்க. அந்த ஆயா மாத்திரை வாங்குற போட்டோவும் இருந்துச்சு. அப்பத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் என்ன சொன்னேன்?

மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டுட்டு அரூர் பஸ் ஏறினேன். ஊர்ல நர்சம்மாவைத் தேடிப் பிடிச்சு விஷயத்தைச் சொன்னேன். அவங்க திட்டலை. ஒரு நோட்டை எடுத்தாங்க. அந்த ஆயா பேர், என்ன மாத்திரை, எத்தனை வேளை, அடுத்து எப்போ கொடுக்கணும்... எல்லாம் இருந்துச்சு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்து நோட்டு. 2021 ஆகஸ்ட்ல பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச அதே திட்டம்தான். "நேத்தே இந்தத் தெருவுக்குப் போயிருப்பேன் தம்பி. உங்க கேம்புக்கு சேர், டேபிள் போட ஆள் கேட்டாங்க, அதுல நாள் போயிடுச்சு"ன்னாங்க.

எங்க கேம்ப் நோட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா? "பயனடைந்தோர்: 212". அவ்வளவுதான். பேர் இல்லை, வியாதி இல்லை, அடுத்து யார் பார்ப்பாங்கன்னு இல்லை.

ஆயாவுக்கு அன்னிக்கே மாத்திரை கிடைச்சுது. அவங்க என்னைப் பார்த்து "திரும்பி வந்தியே சாமி, டீ குடிச்சிட்டுப் போ"ன்னாங்க. அதுக்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

இது எங்க ஊர் கூத்து மட்டும் இல்லீங்க. 1992-96 போர்க்காலத்துல போஸ்னியாவுக்கு வந்து குவிஞ்ச மருந்துல சுமார் 17,000 டன் உபயோகப்படாததுன்னு கணக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேஷியாவோட ஆச்சேவுக்கு வந்த மருந்துல பெரும்பகுதி அந்த ஊர் மொழியிலயே இல்லை. நம்ம நாகப்பட்டினத்துல அப்போ பழைய துணி ரோட்டோரம் மலையா கிடந்துச்சு. உலக சுகாதார நிறுவனம் 1996லயே விதிமுறை போட்டுச்சு: நோயாளிக்குக் கொடுத்துத் திரும்பி வந்த மருந்தை தானம் பண்ணாதே, போய்ச் சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷமாவது தேதி பாக்கி இருக்கணும், அங்க இருக்கிறவங்க கேட்டதை மட்டும் அனுப்பு. நம்ம பெட்டி மூணுலயும் ஃபெயில்.

"வீட்டுல உட்கார்ந்து குறை சொல்றதுக்கு, போனவங்க எவ்வளவோ மேல்"னு சொல்வீங்க. நான் போனவன்தான் சாமிகளா. நல்ல மனசு இருந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா நல்ல மனசு சுகரைக் குறைக்காது. வெள்ளம் வடிஞ்ச ஊர்ல நர்சம்மாவோட ஒரு நாள்ங்கிறது குடிதண்ணித் தொட்டியில குளோரின் போடுற நாள், வயித்துப்போக்கும் எலிக்காய்ச்சலும் யாருக்காவது வந்திருக்கான்னு தேடுற நாள், மாத்திரை விட்டுப்போன சுகர், பிரஷர், வலிப்பு, டி.பி. ஆளுங்களைக் கண்டுபிடிக்கிற நாள். அந்த நாளைத்தான் நாம திருடினோம்.

அப்ப போகவே கூடாதா? போங்க. போறதுக்கு முன்னாடி அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் பண்ணி "என்ன வேணும், எப்ப வரலாம்"னு கேளுங்க. அவங்க "இப்ப வேணாம்"னா வீட்டுல இருங்க, அதுவும் உதவிதான். மீந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். அவங்க லிஸ்ட் கொடுத்தா அதை மட்டும் சீல் பிரிக்காத பெட்டியா பில்லோட வாங்கிக் கொடுங்க. டாக்டரோ நர்ஸோ பார்மசிஸ்டோ இல்லாதவன் மாத்திரையைத் தொடவே கூடாது.

நம்ம காமர்ஸ் பசங்களுக்கும் வேலை இருக்கு. ஸ்டாக் ரிஜிஸ்டர் போடுங்க. முதல்ல வந்த சரக்கு முதல்ல வெளியேன்னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்றோமே, மருந்துல முதல்ல காலாவதி ஆகிறது முதல்ல வெளியே. வந்தவங்க பேர், அவங்களுக்கு என்ன குறை, என்ன கிடைக்கலைன்னு எழுதி, கிளம்புறதுக்கு முன்னாடி நர்சம்மா கையில கொடுத்துட்டு வாங்க. போட்டோவுக்கு இது நல்லா வராது, ஆனா ஆயாவுக்கு மாத்திரை வரும்.

பி.கு: அடுத்த ஐப்பசி, கார்த்திகைக்கு யாராவது அட்டைப்பெட்டியோட நம்ம ரூம் கதவைத் தட்டினா, தயவுசெஞ்சு என்கிட்ட அனுப்பி வைங்க. நான் பேசிக்கறேன் :)