எங்கள் சித்திரக் கதைக்குள் நுழைந்த குலத்தொழில்

நானும் நான்கு நண்பர்களும் இரண்டு ஆண்டுகளாக ஒரு சித்திரக் கதையை உருவாக்கி வருகிறோம். ஸ்பைடர்மேனையும் அயர்ன்மேனையும் தெரிந்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தங்கள் சாயலில் ஒரு சாகச நாயகரைக்கூடத் தெரியவில்லையே என்ற ஆதங்கத்தில் தொடங்கிய வேலை அது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஐந்து பேர் கொண்ட ஒரு சாகச அணி. யாரிடமிருந்தும் இரவல் வாங்காத, முழுக்க எங்கள் சொந்தக் கற்பனை. ஐவரும் ஐந்து வெவ்வேறு சமூகப் பின்னணியிலிருந்து வருகிறவர்கள். "சாதியைக் கடந்த அணி" என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

முதல் நாற்பது பக்கங்களை எங்கள் ஊர் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்தோம். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா, ஆதவனும் மகிழும் படிச்சு சக்தி வாங்குறாங்க. மத்த மூணு பேருக்கு மட்டும் ஏன் பொறப்புலேயே வருது?" என்றாள்.

எங்கள் அணி இதுதான். தலைவர் ஆதவன், நகரத்தில் வளர்ந்த இயற்பியல் ஆய்வாளர். மகிழ், மருத்துவர். கடலோரத்து அந்தோணி, மணிக்கணக்கில் மூச்சடக்கிக் கடலடியில் இருக்கக்கூடியவன். இருளர் பெண் வள்ளி, பாம்புகளோடு பேசுவாள். ஐந்தாவது ஆள் காலனியைச் சேர்ந்த முனியன். அவன் பறையடித்தால் நிலம் அதிரும். ஆதிக்கச் சாதியினர் அவன் வீட்டைக் கொளுத்தி, அம்மா கருகிச் செத்த இரவில் அவனுக்கு அந்தச் சக்தி வந்தது.

அவள் அத்தோடு விடவில்லை. "எங்க தாத்தா பறையை வேணாம்னு தூக்கிப் போட்டவரு. அதுக்காக அடி வாங்கினவரு. நீங்க ஏன் அதை மறுபடியும் எடுத்து நம்மாளு கையில குடுக்குறீங்க? அவரு எந்தப் பக்கத்துலயாவது யோசிக்கிறாரா?"

நாற்பது பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். முனியன் அடிக்கிறான், தாங்குகிறான், அழுகிறான், கத்துகிறான். ஒரு திட்டத்தைக்கூட அவன் சொல்லவில்லை. முனியன் பகுதியை எழுதியவள் நான். அதே காலனியில் பிறந்தவளும் நான்தான்.

பறையை விடுதலைக் கலையாக மீட்டெடுத்த கலைஞர்கள்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்து எடுத்தவர்கள். விரும்பிக் கையிலெடுப்பதும் பிறந்ததாலேயே கையில் திணிக்கப்படுவதும் ஒன்றல்ல. நான் முனியன் கையில் திணித்தேன். வள்ளிக்கும் அதையேதான் செய்தோம். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுக்கிறது. தலைமுறைகளாகச் சேர்ந்த அறிவு அது. அந்த அறிவை நாங்கள் என்ன செய்தோம்? அவள் கற்றதாகக் காட்டாமல், அவள் ரத்தத்தில் ஊறியதாகக் காட்டினோம். இருளர் என்றால் பாம்பு, மீனவர் என்றால் கடல், காலனி என்றால் பறை. அறிவியலும் மருத்துவமும் மட்டும் 'பொதுவான' ஆட்களுக்கு.

1953இல் ராஜாஜி, பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டி எதிர்த்தது இந்த மண். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சியில் அந்தத் திட்டம் ஒழிந்தது. அப்படித் துரத்தியடித்த ஒன்றை, 'சூப்பர் பவர்' என்று பெயர் மாற்றி எங்கள் சித்திரக் கதைக்குள் நாங்களே அழைத்து வந்திருந்தோம்.

இது எங்கள் ஐந்து பேரின் தவறு மட்டும்தானா? சாகச நாயகர் என்ற வடிவத்துக்குள்ளேயே பிறப்பு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு வேதாளராகவும் மாயாவியாகவும் அறிமுகமான ஃபேன்டம் 1936இல் உருவானவர். அப்பனுக்குப் பின் மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று முகமூடி கைமாறி, நாம் படித்தவர் இருபத்தொன்றாவது ஆள். காட்டு மக்கள் அவருக்குக் காவலிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த முகமூடி கிடைக்காது. அதே 1936இல்தான் அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார். பேட்மேனுக்குப் பரம்பரைச் சொத்து. தோர் கடவுளின் மகன். நாம் கொண்டாடித் தீர்த்த பிளாக் பேந்தர்கூட அரச குடும்பத்து வாரிசுதான்.

நம் ஊர்க் கதை இன்னும் மோசம். இந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஐவர் அணி பாண்டவர்கள். அரக்கு மாளிகையிலிருந்து அவர்கள் தப்பிய சாகசத்தைச் சிறுவயதிலேயே கேட்டிருப்போம். தப்பியது எப்படி? அன்றிரவு விருந்துக்கு வந்த ஒரு நிஷாதப் பெண்ணும் அவளுடைய ஐந்து மகன்களும் குடித்துவிட்டு அங்கேயே உறங்கிப்போனார்கள். மாளிகைக்குத் தீ வைத்தவன் பீமன். கருகிய ஆறு உடல்களைப் பார்த்த ஊர், குந்தியும் பாண்டவர்களும் இறந்ததாக நம்பியது. ஐந்து நாயகர்கள் உயிர் பிழைக்க, பெயர்கூட இல்லாத இன்னோர் ஐவர் தாயோடு எரிந்தார்கள். அதை எந்தச் சிறுவர் புத்தகமும் கொலை என்று சொல்லி நான் படித்ததில்லை. இப்போது என் முனியனைப் பாருங்கள். அணியின் கதைக்குச் சூடேற்ற ஒரு வீடு எரிய வேண்டியிருந்தது. எந்த வீட்டை எரிப்பது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. என் கை தானாகக் காலனிக்குப் போனது.

இந்த வடிவத்தைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆட்களைத் தேடித் தேடி அணி சேர்க்கும் கதைகளுக்கெல்லாம் முன்னோடி, 1954இல் வந்த அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்'. அதில் கிகுச்சியோ என்பவன் தன்னை சாமுராய் என்று நிரூபிக்க ஒரு வம்சாவளிச் சுருளை நீட்டுவான். அதன்படி கணக்குப் பார்த்தால் அவனுக்குப் பதின்மூன்று வயதுதான் ஆகியிருக்க வேண்டும். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் உழவர் மகன். உழவர்களின் தந்திரத்தையும் திருட்டையும் பழித்த சாமுராய்களின் முகத்துக்கு நேரே, அவர்களை அப்படி ஆக்கியதே நீங்கள்தான் என்று வெடிப்பவன் அவன்தான். அணி சேர்க்கும் உத்தியை உலகம் முழுக்க நகலெடுத்தார்கள். அந்த வெடிப்பை வசதியாக விட்டுவிட்டார்கள். நம் நாட்டில் 1975இல் வந்த 'ஷோலே'யில் கூலிக்கு அமர்த்தப்படும் இரண்டு சாகசக்காரர்களும் தாக்கூரின் பழியைத் தீர்க்கத்தான் சண்டை போடுகிறார்கள்.

2021இல் வந்த மலையாளப் படமான 'மின்னல் முரளி'யை நானும் ரசித்தேன். ஒரே மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது. இருவருக்கும் ஒரே சக்தி. ஊர் மன்னிக்கும் விளையாட்டுப் பிள்ளை நாயகன் ஆகிறான். ஊர் ஒதுக்கிவைத்த ஷிபு வில்லன் ஆகிறான். ஷிபுவின் வலியைப் படம் அக்கறையோடுதான் காட்டுகிறது. ஆனாலும் முடிவில் ஊரைக் காப்பாற்றுவது என்றால் ஷிபுவிடமிருந்து காப்பாற்றுவது என்றே ஆகிறது. அவனை ஒதுக்கிய ஊரை யாரிடமிருந்து யார் காப்பாற்றுவது?

வேறு மாதிரி செய்ய முடியாதா என்றால், முடியும். 1993இல் அமெரிக்காவில் கறுப்பினக் கலைஞர்களும் எழுத்தாளர்களும் சேர்ந்து மைல்ஸ்டோன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டிசி அச்சிட்டு விற்றது. பாத்திரங்களின் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த முடிவின் அருமை புரிய வேண்டுமென்றால், 1938இல் சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காலமெல்லாம் போராடிய ஜெர்ரி சீகலையும் ஜோ ஷஸ்டரையும் நினைத்துப் பாருங்கள். மைல்ஸ்டோனின் ஸ்டேடிக் என்ற நாயகன் அறிவியல் பிரியனான பள்ளி மாணவன். ஒரு தெருச் சண்டையில் காவல்துறை வீசிய வாயுவால் அவனுக்குச் சக்தி வருகிறது. அதே வாயுவைச் சுவாசித்த வேறு பலருக்கும் வருகிறது. அவன் தேர்ந்தெடுக்கப்பட்டவன் அல்ல. எதிரிகளை அவன் பெரும்பாலும் மூளையால் வெல்கிறான். அந்த உலகில் கறுப்பின நாயகர்கள் ஒருவரல்ல, பலர். அதனால் ஒருவன் கோழையாகலாம், ஒருத்தி பணக்காரியாகலாம், ஒருவன் தவறு செய்யலாம். அணியில் நம்மாள் ஒரே ஒருவர் என்றால், பாவம், மொத்தச் சமூகத்தையும் அவரே சுமக்க வேண்டும்.

எங்கள் வரைவை மாற்றத் தொடங்கியதும் மூன்று எதிர்ப்புகள் வந்தன.

முதலாவது, "கற்பனைக் கதையிலுமா சாதி?" என்பது. நாங்கள் சாதியைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாத பக்கங்களில்தான் அது வேலை பார்த்துக்கொண்டிருந்தது. யார் தலைவர், யார் மூளை, யார் முதுகு என்று ஐந்து பேரில் பிரித்தபோதே அது உள்ளே வந்துவிட்டது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் விளக்கியதை மேடையில் பேசுகிறோம். ஐந்து பேர் கொண்ட அணிக்கு அதைப் பொருத்திப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, "அப்படியானால் வன்கொடுமையைக் காட்டவே கூடாதா?" காட்ட வேண்டும். கீழ்வெண்மணியையும் மேலவளவையும் மறக்கச் சொல்ல நான் யார்? ஆனால் எரித்தவர்களின் கதையாக அதை எழுதுங்கள். எரிந்த வீடுதான் நம் பிள்ளைக்குச் சக்தி கொடுத்தது என்று எழுதினால், கொளுத்தியவனுக்கு நன்றி சொல்லும் கதையாகிவிடும்.

மூன்றாவது தோழர்களிடமிருந்து வந்தது. "நமக்கு உண்மையான நாயகர்கள் இருக்கிறார்கள். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், இமானுவேல் சேகரன் இருக்கும்போது கற்பனை எதற்கு?" அவர்கள் வரலாறு கட்டாயம் வரையப்பட வேண்டும். ஆனால் அண்ணலின் சிலையைக்கூடக் கூண்டுக்குள் வைத்துக் காக்க வேண்டிய நாட்டில் நம் பிள்ளைகள் தலைவர்களை வணங்கத்தான் கற்கிறார்கள். விளையாடக் கற்பனை மனிதர்கள் வேண்டும். துணியைத் தோளில் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து மாடிக்குத் தாவுவதாக நினைத்துக்கொள்ளும் அந்தப் பத்து நிமிடம் எங்கள் தெருக் குழந்தைக்கும் உரிமைதான்.

இப்போது எங்கள் அணியில் மூன்று விதிகள் இருக்கின்றன. ஒன்று, எந்தச் சக்தியும் பிறப்பால் வராது. எல்லாச் சக்தியும் கற்றுக்கொள்ளக்கூடியது, ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியது. சாதி உயிர்வாழ்வதே எதையும் கைமாற விடாமல் காப்பதில்தான். எங்கள் அணியில் எல்லாம் கைமாறும். வள்ளி இப்போது விமானம் ஓட்டுகிறாள். பாம்பைக் கையாளக் கற்றுக்கொள்பவர் மருத்துவர் மகிழ், அதுவும் வள்ளியிடம் இரண்டு முறை திட்டு வாங்கி. இரண்டு, தலைமை சுற்றி வரும். மூன்று, ரகசியத் தளத்தைக் கூட்டுவதும் கழிப்பறையைக் கழுவுவதும் முறை வைத்து நடக்கும், அதைப் படத்தில் காட்டுவோம். சாகச நாயகர்களின் தளத்தை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று எந்தக் காமிக்ஸிலாவது நீங்கள் கேட்டதுண்டா? பேட்மேன் குகைக்கே ஒரு ஆல்ஃபிரெட் தேவைப்படுகிறார்.

முனியன் இப்போது நில அளவையர். அணியின் திட்டங்களை வகுப்பவன். அவன் அம்மா உயிரோடு இருக்கிறார், தினமும் அவனைத் திட்டுகிறார். முதல் சாகசம் பஞ்சமி நிலம் பற்றியது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கி, மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். அப்படியும் பறிபோன நிலம் அது. முனியன் பழைய பதிவேடுகளைத் தேடிப் போகிறான். வழியில் அடிதடி உண்டு, துரத்தல் உண்டு, வெடிக்கும் லாரியும் உண்டு. கடைசியில் அந்த நிலத்தில் ஒரு பகுதி ஆதவனின் தாத்தா பெயரில் இருப்பது தெரிகிறது. ஆதவன் என்ன செய்யப் போகிறான் என்பதுதான் கதை.

இந்த இடத்தில் எங்கள் நண்பர் ஒருவர் அணியை விட்டு விலகினார். முனியன் வீடு எரிந்த பக்கத்தை அவ்வளவு அழகாக வரைந்தவர் அவர். அந்தப் பக்கத்தில் அவருக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. ஆதவன் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதும் "இது பிரிவினை" என்றார். அவரோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் நம் வலிக்குக் கண்ணீர் விடுபவர்கள் எல்லோரும் நிலத்தைத் திருப்பித் தரத் தயாராக இருப்பவர்கள் அல்ல என்பதை ஒரு சித்திரக் கதை எனக்குக் காட்டிக்கொடுத்தது.

தோழர்களே, உங்களில் பலர் வரைகிறீர்கள், எழுதுகிறீர்கள், விளையாட்டுச் செயலிகளுக்குப் பாத்திரங்கள் உருவாக்குகிறீர்கள். உங்கள் அணியையும் ஒருமுறை வரிசையாக நிற்க வைத்துப் பாருங்கள். யாருக்குப் படிப்பால் சக்தி வந்தது, யாருக்குப் பிறப்பால் வந்தது? யார் திட்டம் போடுகிறார்கள், யார் அடி வாங்குகிறார்கள்? யாருடைய வீடு எரிகிறது?

எங்கள் அணியில் காலியான ஐந்தாவது இடத்துக்கு அந்தப் பதினொன்றாம் வகுப்பு மாணவி வந்திருக்கிறாள். இரண்டாம் பாகத்தை அவள்தான் எழுதுகிறாள். முதல் பக்கத்திலேயே முனியன் தப்பாக ஒரு திட்டம் போட்டு எல்லோரையும் மாட்டிவிடுகிறான். "ஏம்மா, நம்மாளையே இப்படிப் பண்ணிட்டியே?" என்று கேட்டேன்.

"தப்பு பண்ணட்டும்க்கா. அவருதானே தலைவரு" என்றாள்.