'ரன்' தெரியாதவன் யாரு?

போன மாசம் எங்க டிபார்ட்மென்ட்ல மாக் இன்டர்வியூ நடந்துச்சு. தமிழ் மீடியத்துல படிச்சு வந்த நண்பன் ஒருத்தன்கிட்ட, "ரன் மீ த்ரூ யுவர் ப்ராஜெக்ட்"னு கேட்டாங்க. அவன் உடனே லேப்டாப்பைத் திறந்து கோடை ரன் பண்ண ஆரம்பிச்சுட்டான். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான்.

ப்ராஜெக்டை முதல்ல இருந்து விளக்கச் சொல்லித்தான் கேட்டாங்க. ஆனா அவன் செஞ்சதுல என்ன தப்பு? நாலு வருஷமா லேப்ல 'ரன்'னா அதுதானே! எனக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுது? சின்ன வயசுல இருந்தே காதுல விழுந்திருக்கு, அவ்வளவுதான். அது அறிவு இல்ல, கிடைச்ச வாய்ப்பு.

அப்புறம் அந்த வார்த்தையைப் பத்திக் கொஞ்சம் தேடிப் படிச்சேன். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928-இல் முழுமையடைந்தபோது, அதிக இடம் பிடித்த வினைச்சொல் 'செட்'. இப்போ அதை 'ரன்' முந்திடுச்சு. வினைச்சொல்லா மட்டும் அதுக்கு 645 அர்த்தங்கள்! அதைத் தொகுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு 9 மாதம் ஆச்சாம்.

இதன் வேர் பழைய ஆங்கிலத்தின் 'ரின்னன்'. வைக்கிங்குகள் பேசிய நார்ஸ் மொழிச் சொற்களும் அதோடு கலந்தன. மனுஷன் ஓடுறது, தண்ணி ஓடுறது ரெண்டுமே ஆரம்பத்துல இருந்தே அதுக்குள்ள இருக்கு. மூக்கு 'ரன்' ஆகுறது அதனாலதான். பின்னாடி ரயில், மெஷின், கம்பெனி, கடைசியா ப்ரோகிராம்னு எல்லாமே வந்து சேர்ந்துச்சு.

நம்ம 'ஓடு'வும் லேசுப்பட்டது இல்ல. ஆறு ஓடுது, மோட்டார் ஓடுது, தியேட்டர்ல படம் ஓடுது. அதுக்காக 'ரன்' வர்ற இடத்துல எல்லாம் 'ஓடு'ன்னு போட முடியாது. அமெரிக்காவுல தேர்தல்ல 'ஓடுவாங்க'. பிரிட்டன்ல நம்மள மாதிரியே 'நிப்பாங்க'.

ஆனா ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்ல நமக்குத் தர்றது என்ன? 'யுபிக்விட்டஸ்' மாதிரி தினம் 20 பெரிய வார்த்தைகள். அதுக்கு ஒரே அர்த்தம். ஒரு நிமிஷத்துல மனப்பாடம் ஆகிடும். இன்டர்வியூல நம்மைத் தடுக்கி விடுறது கெட், டேக், புட், ரன் மாதிரி குட்டி வார்த்தைகள்தான். இதுல எதையும் பட்டியல் போட்டுப் படிக்க முடியாது. வாக்கியமா கேட்கணும், பேசணும், தப்புப் பண்ணணும். தப்புப் பண்ணா சிரிக்காத ஒரு கிளாஸ் அதுக்கு வேணும். ட்ரெய்னிங்ல பாதி நேரத்தையாவது இதுக்கு ஒதுக்கினா என்ன?

அன்னிக்கு சாயங்காலம் அவன்கிட்ட ஸாரி சொன்னேன். "அதை விடு மச்சி, கோட் ரன் ஆச்சே, அதை யாராவது பார்த்தீங்களா?"ன்னு கேட்டான்.

ஆமா, ஆச்சு. ஒரு எரர்கூட இல்ல. நாங்கதான் பார்க்கல.