பேச்சுக்குத் தலைப்பு: சிறியதே சிறந்தது



"மூன்று நிமிடம் பேசுவதற்கு ஒரு தலைப்பைத் தெரிவுசெய்து வாருங்கள்" என்று வகுப்பிலே கூறினால், மறுநாள் என் மேசைக்கு வரும் தலைப்புகள் பெரும்பாலும் இவைதாம்: சுற்றாடலைப் பாதுகாப்போம், கல்வியின் சிறப்பு, டெங்கு நோய், பனை வளம். ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு நூலே எழுதலாம். மூன்று நிமிடத்தினுள் இவை எவ்வாறு அடங்கும்?

கணக்கிட்டுப் பாருங்கள். நிதானமாகப் பேசும் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 சொற்கள் பேசுவார். மூன்று நிமிடத்திற்கு 300 சொற்கள். உங்கள் அப்பியாசக் கொப்பியில் சுமார் இரண்டு பக்கம். அவைக்கு வணக்கம் கூறுவதும் முடிவுரையும் போக எஞ்சுவது இன்னும் குறைவு. ஆகவே, பெரிய தலைப்பை எடுத்தவர் எல்லாருக்கும் தெரிந்த பொதுவான வசனங்களை அடுக்கிவிட்டு இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

பெரிய தலைப்பு எடுத்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் நம்மிடையே உள்ளது. அது தவறு என்பதே என் கருத்து. இதனை நான் பட்டு அறிந்தேன். சாதாரண தரத்தில் படித்தபோது, சுற்றாடல் பற்றி வேறொருவர் எழுதித் தந்த பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு மேடையேறினேன். நான்காவது வசனம் மறந்துபோயிற்று. ஐந்தாவதும் வரவில்லை. அப்படியே நின்றேன். அன்று என் ஞாபகசக்தியை நொந்துகொண்டேன். உண்மையான குறை அதுவல்ல. பேசிய விடயத்தில் எனக்கென்று தெரிந்தது எதுவும் இருக்கவில்லை. தெரிந்த விடயமாயின் வசனம் மறந்தாலும் வேறு வசனத்தால் தொடர்ந்திருப்பேன்.

அண்மையில் என் வகுப்பு மாணவி ஒருவர் "பனை வளம்" என்று எழுதி வந்தார். பனையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். "கற்பகதரு, சேர்" என்றார்; அதற்கு மேல் வரவில்லை. வீட்டில் பனையிலிருந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, "அம்மம்மா ஒடியல் போடுவா. அதையெல்லாம் மேடையில் பேசலாமா?" என்றார். அந்தத் தயக்கந்தான் என்னை வருத்தியது. தன் வீட்டு முற்றத்தில் நடப்பது பேசத் தகுதியற்றது என்று ஒரு பிள்ளை நினைப்பது நல்லதல்ல.

நாம் தலைப்பைப் படிப்படியாகச் சுருக்கினோம். பனை என்பதிலிருந்து பனை உணவுகள், அதிலிருந்து பனங்கிழங்கு, அதிலிருந்து "ஒடியலும் புழுக்கொடியலும் எவ்வாறு வேறுபடுகின்றன?" என்ற ஒரு வினா. விடை மூன்று நிமிடத்திற்கு அளவாக இருந்தது. பனம்விதைகளைப் பாத்தியிட்டுச் சில மாதங்களின் பின் கிழங்கைக் கிண்டி எடுப்பர். பச்சைக் கிழங்கைப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கிக் கூழ் காய்ச்சுமுன் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, அந்நீரை வடித்துவிடுவது கசப்பை நீக்குவதற்காக. அந்த மாணவி துண்டுக் கடதாசியைப் பார்க்காமலே பேசினார். வகுப்பு முழுவதும் கேட்டது.

நீங்களும் தலைப்பைத் தெரிவுசெய்யுமுன் பின்வரும் வினாக்களை உங்களிடமே கேளுங்கள்.

1. இதைப் பற்றி நான் கண்டோ செய்தோ அறிந்தது என்ன?
2. இதனை ஒரு வினாவாக எழுத முடியுமா?
3. அவ்வினாவிற்கு மூன்று குறிப்புகளில் விடை கூற முடியுமா?
4. கேட்பவர் புதிதாக ஒன்றையேனும் அறிவாரா?

தகவல் கூறும் உரை வேறு, அறிவுரை வேறு என்பதையும் மறவாதீர்கள். "டெங்கை ஒழிப்போம்" என்பது அறிவுரை. "வாரத்திற்கொரு முறை நீர்ப் பாத்திரங்களைக் கழுவுவது ஏன்?" என்பது தகவல். டெங்கு நுளம்பின் முட்டை முதிர்ந்த நுளம்பாவதற்குச் சாதாரணமாக ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை செல்லும். அதற்குள் நீரை ஊற்றிப் பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அதன் வளர்ச்சி தடைப்படும். காரணம் அறிந்தவர் சொல்லாமலே செய்வார்.

"சிறிய தலைப்பென்றால் புள்ளி குறையாதா?" என்று சிலர் கேட்பீர்கள். தலைப்பு முன்னரே தரப்பட்டிருந்தால் அதனை மாற்றாதீர்கள். அதனுள் ஒரு பகுதியை எடுத்து, தொடக்கத்திலேயே அதனைக் கூறிவிடுங்கள். தெளிவாகவும் ஒழுங்காகவும் கூறப்பட்ட சிறிய விடயம், பரந்து சிதறிய பெரிய விடயத்தை விட எப்போதும் மேலானது.

இன்றிரவு கொப்பியை விரிக்குமுன் உங்கள் வளவை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கிணற்றடியிலோ குசினியிலோ அப்பாவின் தொழிலிலோ உங்களுக்கான தலைப்பு இருக்கும்.